சத்தத்துக்கு முன்னால் டயர்: செந்தூல் பட்டறை எப்படி?

கையில் இரண்டாயிரம் வெள்ளியோடு "சத்தமா ஒரு எக்ஸாஸ்ட் போடுங்கண்ணே" என்று கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் இந்தக் கார் பட்டறைக்குப் போனால், அண்ணன் முதலில் குனிந்து டயரைத்தான் பார்ப்பார். என் புரோட்டோன் சத்ரியா நியோ காருக்கும் அதேதான்: நல்ல டயர், பிரேக் பேட், புது டாட் 4 ரக பிரேக் எண்ணெய். இந்த எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழசானால் கொதிநிலை இறங்கிவிடும், கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் மிதி சும்மா தரைவரை போகும். புதியது குறைந்தது 230 டிகிரி தாங்கும். இப்போது வளைவுகளில் காடி சொன்ன பேச்சு கேட்கிறது. சத்தமான எக்ஸாஸ்ட்டா? போட்டிருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன்தான் மிச்சம். கூலி நியாயம், கழற்றிய பாகங்களையும் கையில் கொடுத்துவிடுவார். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், வரிசை நகரவே நகராது, உட்கார நிழலும் கிடையாது.