தொலைதூர வியாபாரப் பேச்சுக்கு வீடியோ கால்: படத்தைவிடக் குரலே முக்கியம்

ஸ்கைப் காலத்திலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வீடியோ காலில்தான் பேசி வருகிறேன். 2003-ல் வந்த ஸ்கைப்பை 2025 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஜூம். எதிர்த்தரப்பின் அலுவலகம் எதை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து கூகுள் மீட்டும் டீம்ஸும் உண்டு. எது நல்லது என்று கேட்டால், வாடிக்கையாளர் கணினியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுதான் நல்லது என்பேன். படத்தின் தரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கூட்டம் உருப்படுவதும் சொதப்புவதும் குரலால்தான்.

முகம் சில விநாடி உறைந்து நின்றாலும் பேச்சு ஓடும். ஆனால் விலை சொல்லும்போது குரல் அரை விநாடி விழுங்கப்பட்டால், சொன்னது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று யாருக்கும் தெரியாது.

அதைவிடத் தொல்லை தாமதம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஆக, 10,000 கிலோமீட்டருக்கு 50 மில்லிவிநாடி கட்டாயச் செலவு. எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. குரலைச் சுருக்கி விரிக்கவும், முன்பின்னாக வரும் துண்டுகளை வரிசைப்படுத்தவும் வேறு நேரம் பிடிக்கும். 150-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், அப்புறம் "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க".

பேரத்தில் இதற்கு நிஜமாகவே விலை உண்டு. நீங்கள் தொகையைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மௌனம். பாதி மௌனம் கேபிளுடையது. அதைத் தயக்கம் என்று நினைத்து, கேட்காமலேயே தள்ளுபடி கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொகையைச் சொன்ன பிறகு மனதுக்குள் மூன்று எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது என் வழக்கம்.

கருவி விஷயத்தில் முதலில் ஒயர் வைத்த ஹெட்செட் வாங்குங்கள். பல புளூடூத் ஹெட்செட்களில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டு கேட்கும்போது இருந்த தெளிவை வைத்து ஏமாறக்கூடாது. அடுத்து, வைஃபைக்குப் பதில் ரூட்டரிலிருந்து நேரே கணினிக்கு ஒரு லேன் கேபிள். இணையத் திட்டத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். உங்கள் குரல் வெளியே போவது அப்லோட் வழியாக. அதே இணைப்பில் யாராவது பெரிய கோப்பை ஏற்றினாலோ, கிளவுட் பேக்கப் ஓடினாலோ, குரல் வரிசையில் காத்துக் கிடக்கும். நிலைமை மோசமானால் கேமராவை அணைத்துவிடுகிறேன். வெறும் குரலுக்கு விநாடிக்கு 100 கிலோபிட் போதும். 720 பிக்சல் படத்துக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தேவை.

இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். முக்கியமான வாடிக்கையாளரை அப்படித் துண்டிப்பது அழகல்ல, காசு கட்டிவிடலாம். (உள் கூட்டங்களுக்கு மட்டும் அந்த 40 நிமிட வரம்பு ஒரு வரம்.)

நேரக் குழப்பம் தனிக் கதை. கோடைக்காலத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் இரு பக்கமும் சேரும் கூட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். அந்த வாரங்களில் முதல் நாளே ஒரு மெசேஜ் போட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நாள் முழுக்க வீடியோ கால் இருந்தால் திரையில் என் முகத்தை மறைத்துவிடுகிறேன். வீடியோ காலால் வரும் களைப்புக்கு ஓயாமல் தன்னையே பார்ப்பதும் ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதினார். செய்து பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது.

தானாக வரும் கூட்டச் சுருக்கத்தில் எண்களை நம்புவதில்லை. கால் முடிந்ததும் அளவு, விலை, தேதி மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி "சரிதானே?" என்று கேட்டுவிடுவேன்.

ஒன்றுக்கு மட்டும் வீடியோ கால் இன்னும் உதவவில்லை: நிறம் பார்க்க. கேமரா வெளிச்சத்துக்கேற்ப வெண்மையைத் தானே மாற்றிக்கொள்ளும், சுருக்கும்போது நிற விவரம்தான் முதலில் குறையும். துணியோ பெயின்டோ என்றால், சாம்பிளைக் கூரியரில் அனுப்பி, அது கைக்கு வந்தபிறகே வீடியோ கால் போடுகிறோம்.