முறைசார் மீளாய்வுக்கு ஸோட்டெரோ: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களின் முதுகுவலி, மூட்டுவலி பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளை முறைசார் மீளாய்வு செய்ய, அதாவது ஒரு தலைப்பில் வந்த கட்டுரைகளையெல்லாம் வரையறுத்த முறைப்படி தேடி, சலித்து, தொகுக்க ஆரம்பித்ததிலிருந்து, கட்டுரைகளைச் சேர்த்துவைத்து மேற்கோள் போட உதவும் ஸோட்டெரோ என்கிற மென்பொருளை என் மடிக்கணினியில் மூடியதே கிடையாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பல்கலைக்கழக வளாகத்துக்கு எப்போதாவது போய்வருகிற எனக்கு, லைன் இல்லாவிட்டாலும் வேலை செய்கிற மென்பொருள்தான் தோது. மழை பிடித்தால் எங்கள் பக்கம் இணையம் படுத்துவிடும். ஸோட்டெரோ எல்லாவற்றையும் நம் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது, காசும் கேட்பதில்லை.

பிரவுசரில் ஒரு கிளிக்கில் கட்டுரை உள்ளே வருவது, வேர்டில் மேற்கோள் போடுவது எல்லாம் நன்றாகவே நடக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீளாய்வு செய்கிறவர் தலைவலியே இரட்டிப்புப் பதிவுகள்தான். கட்டுரைகளைத் தேடும் தளங்களான ஸ்கோபஸிலும் பப்மெட்டிலும் ஒரே கட்டுரை வரும். ஸோட்டெரோ தலைப்பு, டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்), ஆண்டு, ஆசிரியர் பெயர் இதையெல்லாம் வைத்துப் பொருத்திப் பார்க்கிறது. டிஓஐ இருந்தால் கவலையில்லை, இல்லாத பழைய கட்டுரைகளில்தான் நம் ஊர்ப் பெயர்கள் வேலையைக் காட்டும். ராமசாமி ஏ/எல் முனியாண்டி (முனியாண்டியின் மகன் ராமசாமி) என்று ஒருவர் எழுதினால் ஒரு தளத்தில் அவர் 'முனியாண்டி ஆர்', இன்னொன்றில் 'ராமசாமி எம்'. நமக்குக் குடும்பப்பெயரே இல்லையென்று அந்தத் தளங்களுக்கு யார் சொல்வது! மலாய்ப் பெயர்களில் 'மகன்' என்று பொருள்படும் 'பின்' என்பதையே குடும்பப்பெயராக்கியதும் உண்டு. ஆகவே இரட்டிப்புப் பட்டியலை மட்டும் நம்பாமல் எல்லாவற்றையும் தலைப்பு வரிசையில் அடுக்கி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, ஒரு பதிவு மாநாட்டுக் கட்டுரையாகவும் மற்றது இதழ்க் கட்டுரையாகவும் இருந்தால், வகையை மாற்றும்வரை இரண்டையும் இணைக்க விடாது.

இணைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தளத்திலிருந்து வந்ததையும் தனித்தனித் தொகுப்பில் போட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது முக்கியம். எந்தத் தளத்தில் எத்தனை கிடைத்தது, எத்தனை இரட்டிப்பு நீக்கப்பட்டது என்று மீளாய்வு அறிக்கைக்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020-இன் ஓட்டப்படத்தில் காட்ட வேண்டும், இணைத்த பிறகு அந்தக் கணக்கைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

எந்தக் கட்டுரை வேண்டும், எது வேண்டாம் என்று சலிக்கும் கட்டத்துக்கு ஸோட்டெரோவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு பேர் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தேர்ந்தெடுக்க இதில் வழி இல்லை. பதிவுகளை ஆர்ஐஎஸ் (மேற்கோள் விவரங்களுக்கான பொது வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்து, சலிப்பதற்கென்றே உள்ள ரய்யான் என்கிற இணையக் கருவியில் போட்டு நானும் கூட்டாளியும் சலிக்கிறோம். முழுக் கட்டுரை படிக்கும்போது மறுபடி ஸோட்டெரோதான்: விலக்கும் காரணத்துக்கு ஒரு வண்ணக் குறிச்சொல் வைத்துவிட்டால் 1 முதல் 9 வரை எண் விசையைத் தட்டினாலே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் காரணவாரியாக எண்ணுவது சுலபம். வெளியான பிறகு இதழால் மீளப்பெறப்பட்ட கட்டுரை நம் தொகுப்பில் இருந்தால் அதுவே சிவப்பில் எச்சரிக்கிறது, மீளாய்வுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

கோப்புகளை இணையத்திலும் வைக்க ஸோட்டெரோ தரும் இலவசச் சேமிப்பு 300 எம்பிதான், பிடிஎஃப் சேரச் சேரப் போதாது. நான் கோப்பு ஒத்திசைவை அணைத்துவிட்டு, வாரக் கடைசியில் ஸோட்டெரோவை மூடிவிட்டு முழுத் தரவுக் கோப்புறையையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். ஸோட்டெரோ பயன்படுத்தும் அந்தத் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸ் போன்ற இணையச் சேமிப்புக்குள் மட்டும் கொண்டுபோய் வைக்காதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போகும் என்று ஸோட்டெரோக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.