தெற்கு லுவாங்வா: ஜீப்பிலிருந்து இறங்குங்கள்

சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சிறுத்தைக்காகத்தான் போகிறார்கள், அதில் தப்பில்லை, இவ்வளவு சுலபமாகச் சிறுத்தை கண்ணில் படும் காடுகள் குறைவு. ஆனால் என்னைக் கேட்டால் இங்கே காசு கொடுக்க வேண்டியது நடைக்கு. கைடோடு காட்டுக்குள் நடந்தே போய் மிருகங்களைப் பார்க்கும் வாக்கிங் சஃபாரியைப் பிரபலமாக்கிய நார்மன் கார் வேலை செய்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான், 1950இல் நசெஃபு என்ற உள்ளூர்த் தலைவரோடு சேர்ந்து, வருமானம் ஊர்க்காரர்களுக்கும் போகிற மாதிரி ஒரு கேம்ப் அமைத்தவர் அவர்.

விடிந்ததும் கிளம்ப வேண்டும். முன்னால் துப்பாக்கியோடு ஒரு ஸ்கவுட், அதாவது பூங்காக் காவலர், அடுத்து கைடு, அப்புறம் நாம் ஒற்றை வரிசையில், வாயைத் திறக்காமல். பெரிய மிருகம் எதுவும் வராத நேரத்தில்கூட அலுப்பு தட்டவில்லை, ஏனென்றால் எங்கள் கைடு தரையைப் படித்துக்கொண்டே போனார். நீர்யானை போகிற தடம் ஒற்றையடிப் பாதை இல்லை, இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடுமாக இருக்கும், கால்களை அவ்வளவு அகட்டி வைத்து நடக்கும். சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாகக் கிடந்ததைக் குச்சியால் புரட்டிக் காட்டினார்: கழுதைப்புலியின் எச்சம், எலும்பைக் கடித்துத் தின்பதால் அந்த நிறம். யானைக் கூட்டம் தெரிந்ததும் ஒரு பிடி மண்ணை அள்ளி விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எங்கள் வாடை அவற்றுக்குப் போகாதபடி எங்களை அப்படியே சுற்றி அழைத்துப் போனார். இதெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்தால் கிடைக்காது.

தங்கிய கேம்ப் பரவாயில்லை ரகம். சாப்பாடு நன்றாக இருந்தது, இருட்டிய பிறகு கூடாரத்துக்குத் துணைக்கு ஆள் வருவார், தனியாக விடமாட்டார்கள், ராத்திரி நீர்யானைகள் கரையேறி மேய்வதால் அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆனால் ஜீப் விஷயத்தில் ஏமாற்றிவிட்டார்கள். ஒரு வண்டியில் ஒன்பது பேர், நடு இருக்கையில் மாட்டினால் பாதி நேரம் அடுத்தவர் தோளைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு மேல் இரவு சவாரியில் ரேடியோவில் செய்தி வந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சிறுத்தையைச் சுற்றி நின்று முகத்தில் விளக்கடித்துக்கொண்டிருந்தன, எனக்குப் பிடிக்கவில்லை. முன்பதிவு செய்யும்போதே ஒரு ஜீப்புக்கு எத்தனை பேர், நடை தினமும் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காண்டாமிருகம் இங்கே கிடையாது, அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வேறு காடு பாருங்கள். மாறாக, லுவாங்வா பள்ளத்தாக்கில் மட்டுமே வாழும் தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி உண்டு. செப்டம்பர், அக்டோபரில் போனால் ஆற்றின் செங்குத்தான கரைகளில் பொந்து வைத்துக் கூட்டம் கூட்டமாக இருக்கும் சிவப்புப் பஞ்சுருட்டான் பறவைகளையும் பார்க்கலாம், ஆனால் அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நடக்கவே தெம்பு இருக்காது. வெயில் ஆகாதவர்கள் ஜூன், ஜூலையில் போங்கள், அப்போது விடிகாலை ஜீப்பில் குளிர் வாட்டும், ஸ்வெட்டர் வேண்டும். மழைக்காலத்தில் பல கேம்ப்கள் மூடிவிடும்.

கறுப்பு, நீல உடைகள் வேண்டாம், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும், துணிக்கு மேலேயே. மலேரியா மாத்திரைக்கு முன்கூட்டியே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பொதுவாக நடைக்குச் சேர்ப்பதில்லை, அவர்களோடு வருகிறவர்கள் இவ்வளவு தூரம் வந்து ஜீப்போடு திரும்ப வேண்டியிருக்கும், பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டும்வரை பொறுத்து வரலாம்.