ஐ.நா. வெப் டிவி ரிவ்யூ: பாலஸ்தீன மெம்பர்ஷிப் சண்டையை வெட்டாம ஒட்டாம பாக்க ஒரு இடம்

பாலஸ்தீனத்துக்கு ஐ.நா.ல மெம்பர்ஷிப் குடுக்கலாமா கூடாதாங்கிற விஷயத்தை நம்மள்ல முக்காவாசி பேர் ரெண்டே ரூபத்துல தான் பாத்திருப்போம், ஒண்ணு நியூஸ் சேனல்ல கீழ ஓடுற "அமெரிக்கா வீட்டோ" ஸ்க்ரோல், இன்னொண்ணு வாட்ஸ்அப்ல வர்ற யாரோ ஒரு தூதர் ஆவேசமா பேசுற குட்டி கிளிப். முழுசா அந்த கூட்டத்துல என்ன நடந்துச்சு, யார் எதுக்கு கை தூக்குனாங்கன்னு பாக்க ஒரு சர்வீஸ் இருக்கு, ஐ.நா.வே நடத்துற வெப் டிவி. ரொம்ப பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியல, அதான் எழுதுறேன்.

மொதல்ல பேசிக் விஷயம். காசு கிடையாது, அக்கவுன்ட் வேணாம், விளம்பரம் இல்ல. பாதுகாப்பு கவுன்சில், பொதுச்சபை, ஜெனீவா கூட்டங்கள், தி ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றம் எல்லாம் லைவா வரும், முடிஞ்சப்புறம் பழசை எடுத்தும் பாக்கலாம். பழசை பாக்கிறது தான் நல்லது, ஏன்னா நியூயார்க் காலைக் கூட்டம் பத்து மணிக்குன்னா அங்க கோடைக்காலத்துல நமக்கு ராத்திரி ஏழரை, அது ஓகே, ஆனா மத்தியானக் கூட்டம் மூணு மணிக்குன்னா நமக்கு நடுராத்திரி பன்னெண்டரை, அதுவும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சா சரித்திரம்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா 2024 ஏப்ரல் 18 பாதுகாப்பு கவுன்சில் ஓட்டெடுப்பு தான் என் சிபாரிசு. தேடும்போது பாலஸ்தீனம்னு மட்டும் போட்டு தேடாதீங்க, அன்னைக்கு அஜெண்டா பேரே "புதிய உறுப்பினர்களைச் சேர்த்தல்" தான், அதனால தேதி வச்சு போனா சீக்கிரம் மாட்டும். தீர்மானத்தை கொண்டு வந்தது அல்ஜீரியா. உலகமே அடிச்சுக்கிட்ட அந்த தீர்மானம் மொத்தமே ஒரே ஒரு வாக்கியம், 2011ல பாலஸ்தீனம் குடுத்த விண்ணப்பத்தை பரிசீலிச்சோம், பாலஸ்தீன அரசை சேத்துக்க சொல்லி பொதுச்சபைக்கு பரிந்துரைக்கிறோம், அவ்வளவுதான். அது பாஸ் ஆகணும்னா 15 பேர்ல 9 ஓட்டு வேணும், அஞ்சு நிரந்தர உறுப்பினர்ல (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒருத்தர் கூட எதிர்த்து ஓட்டு போடக்கூடாது, அந்த எதிர்ப்பு ஓட்டு தான் வீட்டோ. தலைவர் ஆதரவு யார்னு கேக்க கைகள் தூக்கறாங்க, எதிர்ப்பு யார்னு கேக்க ஒரே ஒரு கை, அமெரிக்கா. 12 ஆதரவு, 1 எதிர்ப்பு, 2 பேர் ஒதுங்கல் (அதாவது எந்தப் பக்கமும் ஓட்டு போடல). கதை முடிஞ்சது.

டிவிகாரங்க இதோட கட் பண்ணிடுவாங்க. ஆனா இதுக்கு அப்புறம் வர்றது தான் சரக்கு. ஓட்டு போட்டவங்க ஒவ்வொருத்தரா ஏன் அப்படி போட்டோம்னு விளக்கம் சொல்லுவாங்க. அமெரிக்கா சார்புல ராபர்ட் வுட் சொன்னது என்னன்னா இந்த ஓட்டு பாலஸ்தீனத் தனி நாட்டுக்கே எதிரானது இல்ல, அது ரெண்டு தரப்பும் நேரா பேசி வர வேண்டிய விஷயம்ங்கிறது. ஒதுங்கின பிரிட்டன் சார்புல பார்பரா வுட்வர்ட் சொன்னது இன்னும் சுவாரஸ்யம், அங்கீகாரம் பேச்சுவார்த்தையோட ஆரம்பத்துலயே வரக்கூடாது, அதுக்காக கடைசி வரைக்கும் காத்திருக்கணும்னும் இல்லைன்னாங்க. அன்னைக்கு கேக்கிறப்ப ராஜதந்திர மழுப்பல் மாதிரி தான் இருந்திருக்கும், ஆனா 2025 செப்டம்பர் 21ல பிரிட்டன் அங்கீகாரமே குடுத்தப்புறம் திரும்ப போட்டு கேட்டா கதவை அப்பவே கொஞ்சம் திறந்து வச்சிருக்காங்கன்னு புரியுது. இந்த மாதிரி திரும்ப போட்டு கேக்கிற சுகம் வேற எந்த நியூஸ் ஆப்புலயும் கிடைக்காது.

ஆதரவா கை தூக்குன 12 பேர் லிஸ்ட்டையும் ஒரு தடவை நிறுத்தி பாருங்க. பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா, மால்டா, ஸ்லோவேனியா, இவங்க யாருமே அன்னைக்கு தேதியில பாலஸ்தீனத்தை தனி நாடா அங்கீகரிக்கல! ஆனாலும் ஐ.நா. மெம்பர்ஷிப்புக்கு ஆதரவு. ஸ்லோவேனியா அந்த வருஷம் ஜூன்ல அங்கீகரிச்சுது, பிரான்ஸும் மால்டாவும் 2025 செப்டம்பர்ல. ஒரு நாடு இன்னொரு நாட்டை அங்கீகரிக்கிறது அந்தந்த நாட்டோட சொந்த முடிவு, ஐ.நா.ல சேக்கிறது வேற கணக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டு கமென்ட்ல சண்டை போடுறவங்களுக்கு இந்த வீடியோவை அனுப்பி வைக்கலாம். இத்தனை நாடு அங்கீகரிச்சாச்சே அப்புறம் ஏன் சேக்கலங்கிற கேள்விக்கு பதில் இங்க தான் இருக்கு, ஐ.நா. சாசனம் 4வது பிரிவுப்படி கவுன்சில் பரிந்துரை பண்ணாம பொதுச்சபையால சேக்கவே முடியாது, 190 நாடு கூடி நின்னாலும் முடியாது.

அந்த கூட்டத்துலயே ஓட்டுக்கு அப்புறம் பாலஸ்தீன தூதர் ரியாத் மன்சூர் பேசுறப்ப கண் கலங்கிட்டார். அதையும் விடாம பாருங்க, இஸ்ரேல் தூதர் கிலாத் எர்டான் பேசுறதையும் விடாம பாருங்க. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சு போக இந்த சர்வீஸ் எதுக்கு, அதுக்கு தான் வாட்ஸ்அப் இருக்கே.

அடுத்து 2024 மே 10 பொதுச்சபை. இதை தேடுறது இன்னும் கொடுமை, ஏன்னா இது வழக்கமான கூட்டத்தொடர் பேர்ல இருக்காது, "பத்தாவது அவசர சிறப்புக் கூட்டத்தொடர்" பேர்ல இருக்கும். அந்த அவசரக் கூட்டத்தொடர் ஆரம்பிச்சது 1997 ஏப்ரல்ல, இன்னும் முடிக்கல, ஒத்தி வச்சு ஒத்தி வச்சு திரும்ப கூட்டிக்கிட்டே இருக்காங்க. கால் நூற்றாண்டு தாண்டி ஒரு அவசரம். இங்க கை தூக்கறதெல்லாம் இல்ல, பட்டன் தான், பெரிய போர்டுல பச்சை, சிவப்பு, மஞ்சள்னு எரியும். பாலஸ்தீனத்துக்கு கூடுதல் உரிமை குடுக்கிற தீர்மானத்துக்கு 143 ஆதரவு, 9 எதிர்ப்பு, 25 ஒதுங்கல். இந்தியா பச்சை.

அன்னைக்கு எர்டான் மேடையில குட்டி ஷ்ரெட்டர் (பேப்பரை துண்டாக்குற மெஷின்) வச்சு சாசனத்தோட பக்கத்தை கிழிச்சது தான் எல்லார் போனுக்கும் வந்துச்சு. ஆனா தீர்மானத்தோட பின்னிணைப்புல இருக்கிற அந்த உரிமைகளோட லிஸ்ட்டை பத்தி எவனும் பேசல. பாலஸ்தீனம் உறுப்பு நாடுகளோட அகர வரிசைல உக்காரலாம், தீர்மானம் முன்மொழியலாம், ஆனா பொதுச்சபைல ஓட்டு கிடையாது, பாதுகாப்பு கவுன்சில் மாதிரி அமைப்புகளுக்கு தேர்தல்ல நிக்கவும் முடியாது. அதாவது முழு மெம்பர் இல்ல, ஆனா பழைய பார்வையாளர் நாற்காலியும் இல்ல. 2024 செப்டம்பர்ல புது கூட்டத்தொடர் ஆரம்பிச்சப்ப அந்த இடம் எங்க கிடைச்சுதுன்னா இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவுல. அதனால இப்ப பொதுச்சபை வீடியோல இலங்கை தூதரை கேமரா காட்டும்போது பக்கத்து பலகையையும் கவனிச்சு பாருங்க.

வெப் டிவியை மட்டும் வச்சுக்கிட்டா பாதி தான் கிடைக்கும், கூடவே ஐ.நா. டிஜிட்டல் லைப்ரரியையும் ஒரு டேப்ல திறந்து வைங்க, அதுவும் ஃப்ரீ தான். எந்த நாடு எந்த தீர்மானத்துக்கு எப்படி ஓட்டு போட்டுச்சுன்னு பழைய காலத்துல இருந்து எல்லாம் இருக்கு. எனக்கு பிடிச்ச வேலை ஒரு நாட்டை புடிச்சுக்கிட்டு பின்னாடியே போறது. கனடாவை எடுத்துக்கோங்க, 2012 நவம்பர் 29ல பாலஸ்தீனத்தை "உறுப்பினர் அல்லாத பார்வையாளர் அரசு" ஆக்கின தீர்மானத்துக்கு 138 ஆதரவு, 9 எதிர்ப்பு, 41 ஒதுங்கல், அந்த 9ல கனடா ஒண்ணு, அவங்க வெளியுறவு அமைச்சரே நேர்ல வந்து எதிர்த்து பேசினார். 2024 மே மாசம் அதே கனடா ஒதுங்கல். 2025 செப்டம்பர்ல அங்கீகாரம். ஆஸ்திரேலியா 2012ல ஒதுங்கல், 2024ல ஆதரவு, 2025ல அங்கீகாரம். ஜெர்மனி ரெண்டு தடவையும் ஒதுங்கல். நாடுகள் மனசு மாறாதுன்னு சொல்றவங்க இதை ஒரு சாயங்காலம் உக்காந்து பாத்தா போதும்.

இந்த லைப்ரரிலயே இன்னும் கீழ தோண்டினா கிடைக்கிற ஒரு பழைய விவகாரம் இருக்கு, இப்ப நடக்கிற வாதத்தை அது அப்படியே திருப்பி போட்டுடும். பாலஸ்தீனத்தை சேக்கக்கூடாதுங்கிறவங்க சொல்ற முக்கிய காரணம் எல்லை முடிவாகல, காஸா ஹமாஸ் கையில இருந்துச்சு, ஒரே அரசோட கட்டுப்பாட்டுல நிலம் இல்லங்கிறது. இதுல எல்லைங்கிற பாயின்ட் 1948லயே வந்திருக்கு. இஸ்ரேல் மொதல்ல போட்ட விண்ணப்பம் 1948 டிசம்பர்ல கவுன்சில்ல தோத்துச்சு, அப்ப கவுன்சில்ல மொத்தமே 11 பேர், 7 ஓட்டு வேணும், கிடைச்சது 5 ஆதரவு, சிரியா எதிர்ப்பு, மத்த 5 பேர் ஒதுங்கல். அப்ப இஸ்ரேலுக்காக அமெரிக்கா சார்புல பேசின பிலிப் ஜெஸப், ஒரு நாடுன்னு ஆகறதுக்கு எல்லைக்கோடு துல்லியமா முடிவாகியிருக்கணும்னு அவசியம் இல்லைன்னு வாதாடினார். அடுத்த வருஷம் மே 11ல 37க்கு 12ன்னு பொதுச்சபை இஸ்ரேலை சேத்துக்கிச்சு. பாலஸ்தீனத்துக்காக பேசுறவங்க இன்னைக்கு எடுக்கிறது இதே வாதத்தை தான். ஆனா ஹமாஸ் பாயின்ட்டுக்கு ஜெஸப் கிட்ட பதில் இல்ல, அது அந்தக் காலத்து கேள்வி இல்ல, அதை தனியா தான் பேசியாகணும், ஆதரிக்கிற நாடுகளும் அதை ஒத்துக்குது. 2025 செப்டம்பர் 12ல 142 நாடு ஓட்டு போட்டு பாஸ் பண்ண, இஸ்ரேல் பாலஸ்தீனம்னு ரெண்டு நாடு தீர்வு பத்தின நியூயார்க் பிரகடனத்துல ஹமாஸ் காஸா ஆட்சியை விடணும், ஆயுதத்தை ஒப்படைக்கணும்னு எழுதியே இருக்கு. இந்தியா அதுக்கும் ஆதரவு.

இனி குறைகள். பெரிய குறை மொழி. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ், இந்த ஆறு தான் அதிகாரபூர்வம், தமிழ் பேசுறவங்க ஆங்கிலத்தை புடிச்சுக்கிட்டு தான் போகணும். ஒரு டிப், ஆடியோவை "ஒரிஜினல்"ல ஒரு தடவை, ஆங்கிலத்துல ஒரு தடவை கேளுங்க, மொழிபெயர்க்கிறவங்க குரல்ல கோபமும் ஒரே மாதிரி தான் வரும் அழுகையும் ஒரே மாதிரி தான் வரும், அவங்க வேலை அது. கூட்டத்தோட வார்த்தைக்கு வார்த்தை பதிவு ஆறு மொழிலயும் அப்புறமா வந்துடும், காது எட்டாத இடத்தை அதுல படிச்சுக்கலாம்.

இன்னொரு குறை, இந்த சண்டை ஐ.நா. கட்டடத்துக்குள்ள மட்டும் நடக்கல, வெப் டிவி மட்டும் பாத்தா அது தெரியாம போயிடும். 2011 அக்டோபர் 31ல பாரிஸ்ல யுனெஸ்கோ 107க்கு 14ன்னு பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராவே சேத்துக்கிச்சு, அங்க வீட்டோ கிடையாது இல்லையா. ஆனா பாலஸ்தீனத்தை முழு உறுப்பினரா சேக்கிற ஐ.நா. அமைப்புக்கு காசு குடுக்கக்கூடாதுன்னு 1990கள்லயே அமெரிக்காவுல சட்டம் இருக்கு, பட்ஜெட்ல 22 சதவீதம் குடுத்துக்கிட்டிருந்தவங்க உடனே நிறுத்திட்டாங்க. மத்த அமைப்புகள்ல சேர பாலஸ்தீனம் ஏன் இவ்வளவு யோசிக்குதுங்கிறதுக்கு இந்த ஒரு சம்பவம் பாதி பதில். ஃபிஃபாவுல 1998லயே சேந்தாச்சு, இன்டர்போல்ல 2017ல, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல 2015 ஏப்ரல்ல. இதுக்கெல்லாம் அந்தந்த அமைப்போட சைட்டுக்கு தனித்தனியா தான் போகணும்.

சர்வதேச நீதிமன்றம் மட்டும் வெப் டிவிலயே இருக்கு, 2024 பிப்ரவரியில பாலஸ்தீனப் பகுதிகள்ல இஸ்ரேல் ஆக்கிரமிப்பு சட்டப்படி சரியாங்கிற கேள்விக்கு கிட்டத்தட்ட 50 நாடு வந்து வாதாடின அந்த வாரத்தை மெதுவா பாருங்க, ஜூலை 19ல அப்போதைய நீதிமன்றத் தலைவர் நவாஃப் சலாம் அதுக்கான கருத்துரையை வாசிக்கிறதையும் பாருங்க. ரெண்டும் நீளம் தான், பொறுமை வேணும், பாத்திரம் கழுவுறப்ப ஓட விட்டா ஓடிடும்.

அப்புறம் ஜோடியா வச்சு பாக்க ரெண்டு சம்பவம். 1988 நவம்பர்ல அப்போதைய பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்துக்கு அமெரிக்கா விசா குடுக்கல, டிசம்பர்ல பொதுச்சபை மொத்தமா மூட்டை கட்டி ஜெனீவாவுக்கு போய் அவர் பேச்சை கேட்டுச்சு. 2025 ஆகஸ்ட்ல பாலஸ்தீன அதிபர் அப்பாஸுக்கு விசா குடுக்கல, யாரும் எங்கயும் போகல, செப்டம்பர்ல 145க்கு 5ன்னு ஓட்டு போட்டு வீடியோல பேச விட்டாங்க. அப்பாஸ் பேச்சு வெப் டிவில கிடைக்கும்.

ரேட்டிங் 5க்கு 4. ஒரு மார்க் தேடுற கஷ்டத்துக்காக கட், அஜெண்டா பேரு தெரியாதவங்க உள்ள போனா திணறிடுவாங்க. யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் தெரியணும்னா இது வேணாம், நியூஸ் ஆப் போதும். யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்க, பத்திரிகைல வேலை பாக்கிறவங்க, காலேஜ்ல மாதிரி ஐ.நா. போட்டிக்கு போற பசங்க, நீங்க கோச்சிங் நோட்ஸை நம்புறதுக்கு முன்னாடி ஏப்ரல் 18 வீடியோவை ஒரு தடவை முழுசா பாத்துடுங்க.