சியா பைத்தானா: பிழை எப்போது தெரிய வேண்டும்?

சி, பைத்தான் இரண்டுமே நிரல் மொழிகள். சி நிரலில் 40-ஆம் வரியில் ஒரு மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள், வாசலிலேயே நிறுத்திவிடும். வரி எண்ணோடு திட்டும், இயங்கும் கோப்பே உருவாகாது. பைத்தான் அப்படியில்லை. முதல் 39 வரிகளை ஜோராக ஓட்டி, பாதித் தகவலைக் கோப்பில் எழுதியும் முடித்துவிட்டு, அந்த வரிக்கு வந்த பிறகுதான் 'நேம்எரர்' (இந்தப் பெயரே தெரியாது) என்று கையை விரிக்கும். அதே பிழை எப்போதாவது மட்டும் ஓடும் ஓர் இஃப் நிபந்தனைக்குள் பதுங்கியிருந்தால் மாதக்கணக்கில் வெளியே தெரியாது. எனக்கு ஒன்று இரவு பதினொரு மணிக்கு வெடித்தது.

வேகத்தில் சிதான், பேச்சே இல்லை: முன்கூட்டியே இயந்திர மொழியாகிவிடுகிறது. பைத்தானை வரிவரியாக மொழிபெயர்க்கிறார்கள் என்று வகுப்பில் சொல்வது பாதி உண்மைதான். அதுவும் முதலில் பைட்கோடு என்ற இடைநிலைக் குறிமுறையாக மாறி (அதனால்தான் அடைப்புக்குறியை மூட மறந்தால் ஒரு வரிகூட ஓடாது), அப்புறம் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் (அந்தக் குறிமுறையை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது.

செலவுக் கணக்குக் கோப்பைப் பிரித்துப் பார்க்கவேண்டுமா, நான் பைத்தானைத்தான் திறப்பேன், பத்து வரியில் வேலை முடியும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சின்ன மின்னணுப் பலகையில் இருப்பதோ 2 கேபி ராம் (நினைவகம்), அங்கே பைத்தானுக்குக் கால் வைக்கவே இடமில்லை, சிதான்.