புளூகிராஸ்: மூவர் குழுவா, ஐவர் குழுவா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் திருமண வரவேற்புக்குப் புளூகிராஸ் எனும் நாட்டுப்புறத் தந்தியிசை வாசிக்கும் குழுவை அமர்த்த விரும்புவோர் இந்த இரண்டுக்கும் இடையே தயங்குவதுண்டு.

செலவு: ஊதியம் பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைவதால் மூவர் குழு மலிவு, ஐவருக்குப் பயணச் செலவும் கூடும்.

ஒலி: 1946-இல் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் மாண்டலின், பாஞ்சோ, கிட்டார், பிடில், டபுள் பாஸ் ஆகிய ஐந்தும் இணைந்தபோதே இவ்விசையின் இலக்கணம் உறுதிப்பட்டது, மூவர் குழுவில் ஒருவர் தனித்து வாசிக்கையில் தாளத்தைத் தாங்க இருவரே எஞ்சுவர், ஆயினும் இவ்விசைக்கு உயிரென நான் கருதும் மூன்று குரல்களின் இசைவு அங்கும் கிடைக்கும்.

வசதி: மூவர் ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்று பாடிவிடலாம், சிறிய தோட்டத்தில் அதுவும் தேவைப்படாது.

அறுபது பேர் உரையாடியபடி உண்ணும் விருந்துக்கு மூவர் போதும். நடனம் நிகழும் பெரிய கூடத்துக்குப் பிடிலுடன் கூடிய ஐவரையே அமர்த்துங்கள்.