சிபிஆர்எஸ் தனியார் எல்டிஇ: கப்பலுக்குப் பயப்படாதீர்கள், கேபிளைப் பாருங்கள்

வர்ஜீனியா நார்ஃபோக் பக்கம் ஒரு கிடங்கில் எனக்கு ஐடி வேலை. இரும்பு அடுக்குகளுக்கு நடுவே போனாலே ஸ்கேனர்கள் வைஃபையை விட்டுவிடும். அதனால்தான் சிபிஆர்எஸ்ஸுக்கு, அதாவது கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் அலைவரிசையில் செல்போன் பாணியில் (எல்டிஇ) ஓடும் சொந்த நெட்வொர்க்குக்கு மாறினோம். "ஊரே கடற்படைத் தளம், கப்பல் வந்தால் எல்லாம் படுத்துவிடும்" என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விமானந்தாங்கிக் கப்பல்களின் எஸ்பிஎன்-43 ரேடார் இயங்கும் அலைவரிசை இது. 2015இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது, ஆனால் வரிசை வைத்து. முதல் பந்தி கடற்படைக்கு. அடுத்தது 2020 ஏலத்தில் சுமார் 458 கோடி டாலர் கொட்டி பிஏஎல் என்ற முன்னுரிமை உரிமம் எடுத்தவர்களுக்கு. எங்களைப் போல ஏல உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் ஜிஏஏ ஆட்கள் கடைசிப் பந்தி. கடலோர உணரிகள் ரேடாரை மோப்பம் பிடித்ததும் எஸ்ஏஎஸ் என்ற மேகக்கணினிச் சேவை எங்கள் ரேடியோவை அந்தச் சேனலிலிருந்து கிளப்பிவிடும். எந்தக் கப்பல், எங்கே என்று அந்தச் சேவையின் போர்ட்டல் மூச்சே விடாது. விடவும் கூடாதுதான்.

இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் வேலை செய்கிறது. கப்பல் ரேடாருக்காகச் சேனலைப் பிடுங்குவதெல்லாம் 3650க்குக் கீழேதான். அதற்கு மேலே உள்ள 50 மெகாஹெர்ட்ஸில் சேனல் கேளுங்கள். கிடைத்துவிட்டால் கப்பல் வந்துபோனதே தெரியாது.

தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. ரேடியோ எஸ்ஏஎஸ்ஸோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒவ்வொரு பதிலும் தந்த அனுமதி அதிகபட்சம் 240 விநாடிக்குத்தான் செல்லுபடியானது. தெருவில் யாரோ பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்தார்கள். கோர் (நெட்வொர்க்கை இயக்கும் மையக் கருவி), சர்வர், ரேடியோ எல்லாம் கட்டிடத்துக்குள் கல்லுக்குண்டாக இருக்க, சில நிமிடங்களில் நெட்வொர்க் மொத்தமும் அணைந்தது. வைஃபையாக இருந்தால் இணையம் இல்லாவிட்டாலும் உள்வேலையாவது ஓடியிருக்கும். "முழுக்க உங்கள் சொந்த நெட்வொர்க்" என்று விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேறு பாதையில் வரும் இரண்டாவது இணைய இணைப்பு இல்லாமல் இதை வாங்காதீர்கள். அதன் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மற்றபடி சிக்னலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வைக்கும் ரேடியோவுக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு 1 வாட் வரை அனுமதி. அடுக்குகளுக்கு நடுவிலும் ஸ்கேனர் பிடிக்கிறது. கருவிகளில் பேண்ட் 48 (இந்த அலைவரிசையின் எல்டிஇ எண்) இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

நிறுவும் வேலைதான் இழுவை. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் எடுக்காததால், சான்றிதழ் பெற்ற நிறுவுநர் வந்து ரேடியோ இருக்கும் இடத்தை 50 மீட்டர், உயரத்தை 3 மீட்டர் துல்லியத்துக்குள் பதிய வேண்டும். பிறகு அடுக்குகளை மாற்றி அடுக்கி ரேடியோவைத் தள்ளி வைக்க நினைத்தால், அவரை மறுபடி அழைக்க வேண்டிவரலாம். ஒப்பந்தத்திலேயே அந்த வருகைக்கும் விலை பேசிவிடுங்கள்.